நூறு கிராம் கோரைக்கிழங்கு

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் கோரைக்கிழங்கு வாங்கினேன். கடைக்காரர் டின்னைத் திறந்ததுமே வாசனை வந்துவிட்டது. குழந்தைகளுக்குத் தேய்த்துக் குளிப்பாட்டும் பொடியில் என்னென்னவோ சேர்க்கிறார்கள். ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், பதினோரு சரக்கு. கடைசியில் மூக்கில் தங்குவது இந்தக் கோரைக்கிழங்கு ஒன்றுதான். பாதி ஈர மண், பாதி சாம்பிராணி.

"வூட்ல கொழந்த பொறந்திருக்குதாங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல. நடறதுக்கு."

அவர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எத நடறதுக்கு?"

"இதத்தான்."

"பெரியவரே, இது நாரச் சுட்டு, வெயில்ல போட்டுக் காய வெச்ச சரக்கு. மொளைக்காது. அது கெடக்கட்டும், கோரைய யாராவது நடுவாங்களா? ஊரே புடுங்கிப் போடுது."

"நீங்க கட்டுங்க."

வீட்டுக்கு வந்து செய்தித்தாளை விரித்துக் கொட்டி எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. அதில் இரண்டு பூச்சி அரித்தவை. காய்ந்த கிழங்கு முளைக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் பார்க்காமல் நம்பும் வழக்கம் எனக்குக் கிடையாது. பத்தை எடுத்து ஈரத்துணியில் முடிந்து எட்டு நாள் வைத்திருந்தேன். துணிதான் நாறியது. மீதியை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். என் மனைவி பிலோமினாவின் கல்லறையில் நடுவதற்கு. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஊரே திரண்டு போய்த் தங்கள் தங்கள் கல்லறையில் முளைத்திருக்கும் கோரையைப் பிடுங்கிவிட்டு, சிலுவைக்கு வெள்ளையடித்துவிட்டு வரும். நான் மட்டும் நட வேண்டும் என்கிறேன். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

அவள் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. போவதற்கு முன்னால் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எம்மேல சிமெண்டு போட்டுடாதீங்க சாரே. கோரை வரட்டும். நல்ல தண்ணி இருக்குற எடத்துலதான் படுத்திருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்." நானும் போடவில்லை. முதல் வருடம் கல்லறைத் திருநாளன்று எண்ணினேன், இருநூற்றுப் பன்னிரண்டு முளை. எண்ணிவிட்டுப் பிடுங்காமல் வந்தேன். பெண்டாட்டி கல்லறையைக்கூடச் சுத்தம் செய்யாத மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். ஆறாவது வருடம் நூற்று நாற்பது. அப்புறம் அறுபத்தொன்று. அப்புறம் பதினேழு. போன வருடம் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் எட்டு உமரிச் செடி முளைத்திருந்தது. உமரி தெரியுமல்லவா? சதைப்பற்றான குட்டி இலையோடு, தண்டு சிவந்து, உப்பு மண்ணில் மட்டும் சந்தோஷமாக வளரும் பூண்டு.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகனுக்கு இது வசதியாகப் போயிற்று. "அப்பா, எல்லாரும் கட்டிட்டாங்க. அம்மாது மட்டும்தான் மண்ணா கெடக்குது. கிரானைட்டு போட்டுடலாம்பா" என்றான்.

"கோரை வரட்டும்டா."

"ஒண்ணுகூட வரலன்னு நீங்கதான எண்ணிச் சொன்னீங்க?"

என் எண்ணிக்கையை வைத்தே என்னை மடக்கினான். கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்குள் அங்கே கோரை பச்சையாக நின்றால் கிரானைட் பேச்சையே எடுக்கக் கூடாது. நிற்காவிட்டால் அவன் கல் பதிக்கலாம், நான் வாயைத் திறக்கக் கூடாது.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று சொல்ல ஐம்பத்தோரு வருடம் பின்னால் போக வேண்டும். அதற்கும் முன்னால் என் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் மரக்காணத்துக்கு மேற்கே உள்ள பிரம்மதேசத்துக்காரன். நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம். எங்களுக்குக் கோரை என்றால் ஜென்ம விரோதி. மேலே புல்லைப் பிடுங்கினால் கையோடு வந்துவிடும். கிழங்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு நான்காம் நாள் மறுபடி பச்சை காட்டும். பக்குவமாகக் களைக்கொத்தை விட்டு நெம்பினால், கறுப்பு நூலில் மணி கோர்த்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கிழங்கு வரும். நாங்கள் மூன்று பிள்ளைகள். ஆளுக்கு நூறு கிழங்கு எடுத்துக் காட்டினால்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்பது அப்பாவின் சட்டம். என் அண்ணனும் தம்பியும் கல்லைச் சேர்த்து வைத்து நூறு என்பார்கள். நான் நிஜமாகவே எண்ணினேன். அன்று பிடித்த வியாதி, எழுபத்து நான்கு வயதாகியும் விடவில்லை.

பி.யூ.சி. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தபோது மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. பெயர்தான் பெரியது. அறுபத்து நான்கு பாத்தி, பத்தொன்பது பெண்கள், பன்னிரண்டு ஆண்கள், ஒரு பனையோலைக் கொட்டகை. கொட்டகை வாசலில் நின்றுகொண்டு யார் எத்தனை கூடை உப்பு தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள் என்று எண்ண வேண்டும். எனக்கென்றே கடவுள் செய்துவைத்த வேலை.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. கொட்டகைக்குப் பின்னால் மணல்மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பள்ளம். பள்ளம் முழுக்கக் கோரை. முழங்கால் உயரத்துக்குத் திட்டுத் திட்டாக நின்றது. ஒருவரும் அதைத் தொடவில்லை. பெண்கள் காலையில் குடத்தோடு அந்தப் பக்கம் போய்வருவார்கள். பெண்கள் போகிற பக்கம் நமக்கென்ன என்று அந்த நேரத்தில் நான் எட்டிப் பார்த்ததில்லை. குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுகூடக் கேட்டதில்லை. படித்தவன் அல்லவா!

சித்திரை நெருங்கும் சமயம். பெரிய வெள்ளி, அடுத்து சனி, ஞாயிறு ஈஸ்டர். ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள், மற்றவர்களும் சேர்ந்து நின்றுவிட்டார்கள். மூன்று நாள் உப்பளத்தில் நான் ஒருவன்தான். எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. பாத்திகளை எண்ணினேன். அறுபத்து நான்குதான். மணல்மேட்டில் ஏறி நின்றால் அந்தக் கோரை, அவ்வளவு பச்சையாக, என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. உழவன் வீட்டுக் கை சும்மா இருக்குமா? ஊருக்கு சைக்கிளை விட்டு, அப்பாவின் களைக்கொத்தை எடுத்து வந்தேன்.

மூன்று நாள். திட்டுத் திட்டாகக் கிழங்கோடு நெம்பி எடுத்தேன். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு செடி. காய்ந்த பனை மட்டையோடு சேர்த்துக் குவித்துக் கொளுத்தினேன். ஒரு பனையோலையை இழுத்துப் பள்ளம் முழுவதையும் கோலம் போடுவதற்குத் தயாரான வாசல் மாதிரி சமப்படுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு நிறைவு.

திங்கட்கிழமை காலையில் முதலில் வந்தவள் சவரியம்மா. பெண்களில் மூத்தவள், பிலோமினாவுக்கு அத்தை முறை. வரும்போதே மோப்பம் பிடித்தாள்.

"இன்னா சாரே, நாங்க கோயில்ல சாம்பிராணி போட்டா நீ இங்க போடுறியா?"

நான் பெருமையாக மேட்டுப் பக்கம் கை காட்டினேன். குடத்தோடு ஏறியவர்கள் மேலே போய் அப்படியே நின்றார்கள். ஒருத்தியின் குடம் கைநழுவி உருண்டது.

"எவன்டா இத செஞ்சவன்?" என்றாள் சவரியம்மா.

"நான்தாம்மா. மொத்தம் ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு."

"எண்ணி வேற வெச்சிருக்குறாரு அத்த" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுதான் பிலோமினா. அதுவரை எனக்கு அவள் ஒரு நாளைக்கு எண்பது கூடை சுமக்கும் ஒருத்தி, அவ்வளவுதான்.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. அந்தப் பள்ளத்தில் முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கித் தேங்கி நிற்பது. ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. இங்கே நல்ல தண்ணீர் என்றால் நான்கடி தள்ளி உப்பு. வெயில் ஏற ஏற அந்த எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும். போன வாரம் நல்ல தண்ணீர் வந்த இடம் இந்த வாரம் கரிக்கும். அதைச் சொல்வது கோரைதான். எந்தத் திட்டில் நுனி பச்சையாக இருக்கிறதோ அங்கே ஊத்துத் தோண்டுவார்கள். கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் நிரப்புவார்கள். ஆடு மாடு மிதித்துக் கெடுத்துவிடாமல் சாயங்காலம் அந்த ஊத்தை மணல் தள்ளி மூடி, கையால் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் காலையில் மறுபடி கோரையைப் பார்த்துப் புது ஊத்து. நான் அந்த அடையாளத்தைத்தான் வேரோடு பிடுங்கிக் கொளுத்தியிருக்கிறேன்.

அன்று மூன்று இடத்தில் தோண்டினார்கள். ஒவ்வொரு ஊத்திலும் முதல் கொட்டாங்குச்சியைச் சவரியம்மா எனக்குத்தான் நீட்டினாள். "குடி சாரே. நீதான படிச்சவன். நல்லா கீதா சொல்லு." மூன்றும் கரித்தது. மூன்றையும் விழுங்கினேன். துப்ப தைரியம் வரவில்லை.

பதினோரு மணிக்கு ஞானம்மா கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். ஆட்களில் அவள்தான் சின்னவள், எதற்கெடுத்தாலும் சிரிப்பவள். உதடு வெளுத்து, சிரிப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். உப்பளத்து வெயில் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மேலேயிருந்து ஒன்று, கீழே பாத்தியிலிருந்து ஒன்று, இரண்டு வெயில். முப்பத்தொரு பேர். ஆளுக்கு எட்டுச் செம்பு தண்ணீராவது வேண்டும். சைக்கிளை எடுத்தேன்.

ஊர்க் கிணறு ஒன்றே கால் மைல். கேரியரின் இரண்டு பக்கமும் கயிறு போட்டு இரண்டு குடம். மணலில் சைக்கிள் ஓடாது, தள்ளத்தான் வேண்டும். ஒரு நடைக்கு ஒரு குடத்தில் கால்வாசி தளும்பி என் வேட்டிக்கே போய்விடும். குடத்தின் வாயில் கோரையைச் சுருட்டி வைத்தால் தளும்பாது என்று பிலோமினா சொன்னாள். சொல்லிவிட்டு, "அதுக்கும் இப்ப கோரைக்கி எங்க போறது?" என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஞானம்மாவும் சிரித்தாள். அன்று அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பனங்குருத்தை மடித்து வைத்துச் சமாளித்தேன்.

ஒரு நாளைக்கு ஆறு நடை. இருபத்து மூன்று நாள். அவ்வளவு நாளும் மத்தியானத்தில் ஒரு தடவை பள்ளத்தில் இறங்கித் தேடுவேன். ஊரில் அப்பா கோரையைச் சபிப்பார். நான் இங்கே முளைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். என்னதான் அக்கறையாகத் தோண்டினாலும் கிழங்கு மிச்சமிருக்கும் என்பதுதான் ஒரே நம்பிக்கை. ஒன்பதாம் நாள் ஊசி மாதிரி மூன்று முளை. கொட்டகைக்கு ஓடிவந்து சொன்னேன். பிலோமினா கூடையை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள்.

"மூணு" என்றேன்.

"எண்ணுனீங்க, சரி. நுனியப் பாத்தீங்களா?"

"நுனியா?"

"இத பாருங்க, பழுத்திருக்குது. கீழ கரிக்கும். பத்தாயிரம் மொளைச்சாலும் பழுத்திருந்தா இன்னா பிரயோஜனம்?" பிறகு என் தோளைப் பார்த்தாள். சைக்கிளைத் தள்ளித் தள்ளி வலது தோளில் சட்டை கிழிந்திருந்தது. "எத்தன நாளாவுது?"

"ஒம்போது."

"அதையும் எண்ணினு கீறீங்களா? எங்க பேர்ல கோவமா?"

"இல்ல. எனக்கே என் மேலதான்."

மறுநாளிலிருந்து அவள் கடைசி நடைக்கு மேட்டடிவரை வந்து ஒரு குடத்தை இறக்கித் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டாள்.

இருபத்து மூன்றாம் நாள், பள்ளத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு திட்டு. நாற்பத்தொரு முளை. நுனியெல்லாம் பச்சை. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலைத் தள்ளினாள். முழங்கைக்குக் கீழே மணல் கறுத்தது, அப்புறம் மெதுவாகக் கலங்கலாக ஊறியது. தெளிகிறவரை காத்திருந்து மொண்டு எனக்குத்தான் முதலில் நீட்டினாள். நான் பயந்துகொண்டே வாயில் வைத்தேன். இன்றுவரை எத்தனையோ தண்ணீர் குடித்திருக்கிறேன். அந்தக் கொட்டாங்குச்சித் தண்ணீருக்குக் கொஞ்சம் கோரை வாசனையும் இருந்தது.

"கரிக்குதா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்குக் கண்ணுல தண்ணி?"

கோரைத் தண்டு உருண்டையானதில்லை. விரலில் வைத்து உருட்டினால் மூன்று பட்டை தெரியும். அதை வைத்து ஒரு விளையாட்டு உண்டு. ஒரு முனையை ஒருவரும் மறு முனையை இன்னொருவரும் பிடித்து, வேறு வேறு பக்கமாகக் கிழித்துக்கொண்டே வர வேண்டும். அறுந்துபோனால் ஒன்றுமில்லை. இரண்டு கிழிசலும் நடுவில் சந்தித்துச் சதுரமாகக் கட்டம் விரிந்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள் பெண்கள். வைகாசியில் ஒரு நாள் சோற்று வேளையில் பிலோமினா ஒரு தண்டை என் பக்கம் நீட்டினாள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். இருபது பேர் வேடிக்கை பார்த்தார்கள். கட்டம் விரிந்தது. "இன்னா நெனைச்ச சாரே?" என்று சவரியம்மா கேட்டாள். "பொழுதோட அம்பாரம் முடியணும்னு" என்றேன். ஞானம்மா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

கல்யாணக் கதையை நீட்ட மாட்டேன். அப்பா வரவில்லை. தம்பி கலியபெருமாள் மட்டும் தெரியாமல் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனான். அவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் போவாள். நான் வெளியே நின்று செருப்பு ஜோடிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். பின்னால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை கிடைத்தது, அவள் உப்பளத்துக்குப் போவதை நிறுத்தினாள். ஆனால் கடைசிவரை என்னை 'சாரே' என்றுதான் கூப்பிட்டாள். கோபம் வந்தால் 'ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு' என்பாள். என் வாய் மூடிக்கொள்ளும்.

பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு தாவரப் புத்தகம் இருந்தது. கோரைக் குடும்பத்தில் உலகம் முழுக்க ஏறக்குறைய ஐயாயிரத்து ஐந்நூறு வகை என்று போட்டிருந்தது. ஏறக்குறைய என்றால் என்ன? எண்ணத் தெரியாவிட்டால் ஏன் புத்தகம் எழுத வேண்டும்? அந்த எரிச்சலில் அவளைச் சைக்கிளில் உட்கார வைத்துக் கழுவெளி ஏரிக் கரைக்குப் போனேன். பாய்க்கு அறுக்கும் ஆளுயரக் கோரை, தண்ணீருக்குள் இலையே இல்லாமல் பச்சைக் குச்சியாக நிற்பது, கரைச் சேற்றில் படர்வது, மணலில் நுனி உருண்டையாகப் பூப்பது என்று ஒன்பது வகை எண்ணினேன். அவள் பத்து என்றாள். பத்தாவதை எங்கே பார்த்தாள் என்று கடைசிவரை காட்டவில்லை. நான் கழுவெளிக்கு மறுபடி மறுபடி கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய்யோ என்று இப்போது தோன்றுகிறது.

சரி, ஆடி மாதத்துக்கு வருகிறேன். கடைக் கிழங்கு முளைக்காது என்று ஆனதும் பஸ் ஏறிப் பிரம்மதேசத்துக்குப் போனேன். கலியபெருமாள் வரப்பில் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு தாளவில்லை. "ஏம்பா, நான் மருந்தடிச்சு மருந்தடிச்சு சாவறேன், நீ கோரை கேட்டு பஸ்ஸுல வர்றியா?" சொன்னானே தவிர, மருந்து படாத வாய்க்கால் ஓரத்தில் தானே உட்கார்ந்து நெம்பித் தந்தான். நாற்பது கிழங்கு, மண்ணோடு. "நூறு எடுக்கட்டுமா? அப்பா சொல்ற மாதிரி" என்றான்.

ஆவணி முதல் வாரம் நட்டேன். முப்பத்தொன்று முளைத்தது. பத்து நாளில் நுனி பழுக்க ஆரம்பித்தது. எனக்குக் கை ஓடவில்லை. யோசித்துப் பார்த்து, தண்ணீர்க் கேன் போடுபவரிடம் இரண்டு கேன் அதிகமாகப் போடச் சொன்னேன். என் பழைய டி.வி.எஸ்.ஸில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தினமும் ஒரு நடை. கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் போக வேண்டும். புரட்டாசி முடிய முப்பத்தொன்று பத்தொன்பதாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பத்தொன்பதும் பச்சை.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தான். "எத்தன இருக்குதுப்பா?"

"பத்தொம்போது."

"நுனி?"

அவன் அம்மா பிள்ளை. "பச்சை" என்றேன். கேன் விஷயத்தைச் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லைதான், ஆனாலும் அப்பா முன்னால் கல்லைச் சேர்த்து நூறு காட்டிய என் அண்ணன் நினைவுக்கு வந்தான்.

நேற்று சாயங்காலம் முதல் கேனை ஊற்றிவிட்டு, இரண்டாவதை எடுக்க வாசலுக்குப் போய்த் திரும்பினேன். பிலோவின் கல்லறைக்குப் பக்கத்தில், நடைபாதை மணலில் ஒரு கிழவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழங்கைவரை கையை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தாள். ஞானம்மா. புருஷன் கல்லறையைச் சுத்தம் செய்ய வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சாரே, வந்து பாரு! நுனி எப்பிடி பச்சையா கீது! இந்த மண்ணுல நல்ல தண்ணி திரும்பி வந்துட்டுது சாரே. பிலோ அக்கா எடம் பாத்துதான் படுத்திருக்குது."

கேன் என் கையில் கனத்தது. "தோண்டாத ஞானம்மா. கரிக்கும்."

"பச்சையா கீதே?"

"நான் ஊத்துறேன்."

அவள் கேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆனாலும் குழியின் அடியிலிருந்து ஈர மணலை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். பிறகு அவளுடைய பழைய சிரிப்பு வந்தது.

"பிலோ அக்காவுக்கு இன்னும் நீதான் தண்ணி தூக்கினு கீறியா?"

கேனைக் கீழே வைத்தேன். அவள் புடவை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோண்டிய மணலை இரண்டு கையாலும் குழிக்குள் தள்ளினாள்.

"விடும்மா. கரிக்கிற குழிதான?"

"இருந்தா இன்னா? ஊத்த மூடாம போவக்கூடாது சாரே" என்றாள். உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நானே மகனுக்குப் போன் செய்தேன். "பச்சையா இருக்குறது என்னாலதான்டா. கேன் தண்ணி ஊத்துறேன். கீழ கரிக்குது. நீ கல்லு போட்டுக்கோ."

"தெரியும்பா. கேன் காசு நான்தான அனுப்புறேன். கேன் போடறவரு போன மாசமே எனக்கு போன் பண்ணி, பெரியவரு இவ்ளோ தண்ணி இன்னா பண்றாருன்னு கேட்டாரு. கிரானைட்டு வேணாம்னு கல்லுக் கடையில அப்பவே சொல்லிட்டேன்." பிறகு, "ரெண்டு கேனையும் ஒரே நாள்ல தூக்காதீங்க. வர்ற சனிக்கெழம நான் வந்து ஊத்துறேன்" என்றான்.

தண்ணீர் ஏன் கரிக்கிறது என்று கேட்டால் இறால் பண்ணை என்கிறார்கள், ஆழ்குழாய் என்கிறார்கள், கடலே உள்ளே வருகிறது என்கிறார்கள். எனக்கு எண்ணத் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. இன்று காலை அந்தப் பழைய மணல்மேட்டுக்குப் போனேன். மேட்டில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளத்தில் உமரி சிவப்பாகப் படர்ந்து கிடக்கிறது. அதை எண்ணி முடியாது. உப்பளத்தில் இப்போதும் பெண்கள் கூடை சுமக்கிறார்கள். ஏழு மணிக்கு வேனில் தண்ணீர்க் கேன் வந்து இறங்குகிறது. ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் ஆனதும் கையைக் கழுவிக்கொண்டு, மூடிவிட்டுப் போக ஒரு ஊத்துகூட இல்லாமல், நேராக வீட்டுக்குப் போகிறார்கள்.